சேருற எபிசோட்டை மட்டும் கேக்காதீங்க

போன கிழமை சித்தியிட மகள் வாட்ஸப்பில கேட்டாள்: "அக்கா, காசிலும் பெக்கெற்றும் சேருற எபிசோட் எது? அதை மட்டும் சொல்லுங்க. மிச்சம் வேணாம்."

மிச்சம் வேணாமாம்!

‘காசில்’ எண்டது 2009ல தொடங்கி 2016 வரைக்கும் ஓடின அமெரிக்கப் பொலிஸ் தொடர். அதைப் பாக்கச் சொல்லி அவளுக்கு ஆசை காட்டினதே நான்தான். அவள் முதல் ரெண்டு எபிசோட்டைப் பாத்திட்டு, முத்தம் எங்க, மோதிரம் எங்க எண்டு தேட வெளிக்கிட்டாள். பிறகு யூரியூப்பில ஆரோ வெட்டி ஒட்டின ஒரு வீடியோவை எனக்கே அனுப்பி, "இதில எல்லாம் இருக்கு, இனி பாக்கத் தேவையில்ல" எண்டும் சொல்லிட்டாள்.

அந்த வீடியோவை முழுக்கப் பாத்தன். எல்லா முத்தமும் இருக்கு. மழை இருக்கு. பின்னால உருகி உருகி ஒரு பாட்டும் போகுது. ஒரு ஆணும் ஒரு பொண்ணும் கட்டிப்பிடிக்கிறாங்க. ஏன் கட்டிப்பிடிக்கிறாங்க எண்டு தெரியாட்டி அது எங்களுக்கு என்னத்துக்கு?

வாட்ஸப்பில எழுதி எழுதிச் சண்டை பிடிச்சும் எனக்கு ஆறல்ல. அதுதான் இஞ்ச வந்திட்டன். (கதை முடிவெல்லாம் கீழ வரும். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’, ‘போன்ஸ்’, ‘காசில்’, ‘சுழல்’ எல்லாம் இனித்தான் பாக்கப்போறீங்க எண்டா, பாத்திட்டு ஆறுதலா வந்து வாசியுங்க.)

எனக்குப் பிடிச்ச கதை எது எண்டு கேட்டா, எப்பவும் இந்த ஒரு கதைதான்.

ரெண்டு பேர் சேர்ந்து வேலை செய்யிறாங்க. கொலை, கடத்தல், எலும்புக்கூடு, ஏதோ ஒண்டு. தொடக்கத்தில ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடிக்காது, இல்லாட்டி நம்பிக்கை இல்ல. கிழமைக்கு ஒரு வழக்கு வரும், முடியும். இவங்கட கதை மட்டும் முடியாது. வருஷக்கணக்கா இழுபடும். காதல் எண்டு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. அவங்களுக்கே தெரியாத விஷயம் பாக்கிற எங்களுக்குத் தெரியும். அந்தத் தெரிஞ்ச சந்தோசம் இருக்கே, அதுக்குத்தான் நான் அடிமை.

எனக்கு இதைப் பழக்கினது ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’. 1993 செப்டெம்பரில முதல் எபிசோட் வந்தது. எஃப்பிஐ கட்டடத்திட நிலக்கீழ் அறையில தனிய இருந்து வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுற மல்டர் (டேவிட் டுக்கோவ்னி). மருத்துவம் படிச்ச, ஆதாரம் இல்லாம எதையும் நம்பாத ஸ்கலி (ஜில்லியன் அன்டர்சன்). மேலிடம் அவவை அனுப்புறதே மல்டர்ட வேலையில பிழை பிடிச்சு எழுதிக் குடுக்கத்தான். அதாவது முதல் நாள் கை குடுக்கேக்கயே அவருக்கு இவ ஒரு உளவாளி.

அந்த முதல் எபிசோட்டில ஒரு காட்சி இருக்கு. வழக்குக்காக ஊர் விட்டு ஊர் போய் ஒரு மோட்டலில நிக்கிறாங்க. வெளியில அடை மழை. கரண்ட் போயிட்டுது. செத்துப்போன இளம் ஆக்கள்ட உடம்பில ரெண்டு சின்னப் புள்ளி இருந்ததை அவங்க பாத்திருக்கிறாங்க. குளிக்க வெளிக்கிட்ட ஸ்கலி தன்ட இடுப்புக்கு மேலயும் அப்பிடி ஏதோ தடிச்சிருக்கிறதைத் தடவிப் பாக்கிறா. விறைச்சுப் போறா. மேலங்கியைச் சுத்திக்கொண்டு ஓடிப்போய் மல்டர்ட கதவைத் தட்டுறா. உள்ள வந்து திரும்பி நிண்டு முதுகைக் காட்டுறா. அவர் மெழுகுதிரியோட குனிஞ்சு வடிவாப் பாத்திட்டுச் சொல்லுறார்.

நுளம்புக் கடியாம்!

அவ அப்பிடியே அவரைக் கட்டிப்பிடிச்சிட்டா. ஆசையில இல்ல, உயிர் திரும்பி வந்த நிம்மதியில. பிறகு அவ கட்டிலில சாஞ்சிருக்க, அவர் கீழ நிலத்தில இருந்துகொண்டு, சின்ன வயசில காணாமப்போன தன்ட தங்கச்சியைப் பற்றிச் சொல்லுறார். ரெண்டு பேருக்கும் நடுவில அந்த ராத்திரி அவ்வளவும்தான் நடக்குது.

மழை, மெழுகுதிரி, மேலங்கி. வேற ஆரும் எழுதியிருந்தா அடுத்தது என்ன வரும் எண்டு உங்களுக்குத் தெரியும். எழுதின கிறிஸ் காட்டர் அதை வரவிடல்ல. பயம் வந்தா இந்த மனுசன்ட கதவைத் தட்டலாம், முதுகைத் திருப்பிக்கொண்டு நிக்கலாம், இவன் பிழையா எடுக்க மாட்டான். ஸ்கலிக்கு அண்டைக்கு விளங்கினது இதுதான். பிறகு வந்த அவ்வளவு வருஷமும் இந்த ஒரு நம்பிக்கையிட மேலதான் நிக்குது. 1998ல வந்த படத்தில ரெண்டு பேரும் கிட்டக் கிட்ட வந்து, ஒரு தேனீ குத்தி எல்லாத்தையும் கெடுத்துது. (அந்தத் தேனீயை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியும்.) ஒழுங்கான ஒரு முத்தம் வந்தது 1999 நவம்பரில. ஏழாவது சீசன். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

இந்தக் காட்சியை அம்மாவோட சேர்ந்து திரும்பப் பாத்தது 2022ல. மார்ச் மாசக் கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்தக் காலம். திருகோணமலையில எங்கட உட்துறைமுக வீதிப் பக்கம் முழுக்கக் கும்மிருட்டு. லப்டொப்பில சார்ஜ் நிக்கிற வரைக்கும் பாப்பம். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓடாது, நான் நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுவன். காலடியில நுளம்புத்திரி புகையுது, திரையில மல்டர் நுளம்புக் கடி எண்டுறார்.

அம்மா சொன்னா, "நல்ல பெடியன்."

கொஞ்ச நேரம் பொறுத்து, "இவனையே அவளுக்குக் கட்டி வைப்பாங்களோ?"

"அதுக்கு ஏழு வருஷம் இருக்கம்மா."

"ஏழு வருஷமோ? பிள்ளைக்கு வயசு போயிடுமே!"

ஆனா அடுத்த நாள் பின்னேரம் லப்டொப் சார்ஜ் ஏறிட்டுதோ எண்டு முதல் கேட்டது அம்மாதான். எந்த எபிசோட்டில சேருறாங்க எண்டு ஒரு நாளும் கேக்கல்ல. "இண்டைக்கு என்ன செய்யினம் ரெண்டு பேரும்?" எண்டுதான் கேப்பா. அந்தக் கேள்வி எவ்வளவு வடிவான கேள்வி!

ஏனெண்டா இந்தக் கதைகளில காதல் வளருறது வேலைக்குள்ளதான். சாதாரணக் காதல் படத்தில ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிப்பாங்க. இஞ்ச ரெண்டு பேரும் மூண்டாவது ஒராளைப் பாக்கிறாங்க. மேசையில கிடக்கிற, செத்துப்போன, நீதி கிடைக்காத ஒராளை. அந்த ஆளுக்காக மற்றவர் எவ்வளவு தூரம் போறார், எங்க பொய் சொல்ல மாட்டார், எப்ப சாப்பிட மறக்கிறார், ஆருக்கு முன்னால கோவத்தை அடக்கிறார், இதெல்லாம் பக்கத்தில நிக்கிற ஆளுக்குத் தெரியவருது. ஒருத்தரை இப்பிடி அறியிறதுக்கு வேற வழி இருக்கோ எண்டு எனக்குத் தெரியல்ல. பூ குடுக்கேக்க எல்லாரும் நல்லவங்கதான். விடியப்புறம் மூண்டு மணிக்கு, நித்திரை இல்லாம, பிழைச்சுப்போன வழக்கோட நிக்கேக்க நல்லவனா இருக்கிறவனைத்தான் பாக்க வேணும்.

‘காசில்’ல இதுக்கு ஒரு சின்னச் சாமான் வைச்சிருக்கிறாங்க. கோப்பி. காசில் ஒரு நாவலாசிரியர், பெக்கெற் நியூயோர்க் கொலைப் பிரிவுப் பொலிஸ். கொலை நடந்த இடத்துக்கு அவர் வரேக்க கையில ரெண்டு கோப்பி இருக்கும். ஒண்டு அவவுக்கு. ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கிறதில்ல. கிழமைக்குக் கிழமை அந்தக் கோப்பி வரும். மூண்டாவது சீசன் முடிவில பெக்கெற்றுக்குச் சூடு விழுது, நிலத்தில கிடக்கிற அவவைத் தாங்கிக்கொண்டு அவர் காதலைச் சொல்லுறார். அவ பிழைச்சு எழும்பி, ஒண்டும் ஞாபகம் இல்ல எண்டு சொல்லுறா. பொய்! எல்லாம் ஞாபகம் இருக்கு.

அடுத்த சீசன் தொடக்கத்தில ரெண்டு பேரும் பார்க்கில ஊஞ்சலில பக்கத்தில பக்கத்தில இருந்து கதைக்கிறாங்க. தன்ட அம்மாவை ஆரோ கொலை செய்த நாளில இருந்து மனசுக்குள்ள ஒரு சுவர் நிக்குது, அது விழுறவரைக்கும் தான் விரும்புற மாதிரி ஒரு உறவு தனக்கு இல்ல எண்டு அவ சொல்லுறா. அவர் அவசரப்படுத்தல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறார். 2012 மே மாசம், நாலாவது சீசன் கடைசியில, மழையில நனைஞ்சு வந்து அவர்ட கதவில நிக்கிறா. சித்தியிட மகள் அனுப்பின வீடியோவில அந்த மழை இருக்கு. ஊஞ்சல் இல்ல. ஊஞ்சல் இல்லாம மழைக்கு என்ன வேலை?

சரி, இனி அந்தச் சாபக் கதைக்கு வாறன். இதுதான் எனக்கு உண்மையாவே கோவம் வாற இடம்.

"சோடியைச் சேர்த்து வைச்சா தொடர் செத்துப்போகும்." அமெரிக்காவில ரீவி எழுதிற ஆக்கள் கன வருஷமா இதை வேதவாக்கா வைச்சிருக்கிறாங்க. பழி முழுக்க ‘மூன்லைட்டிங்’ எண்ட தொடரிட தலையில. 1985ல தொடங்கினது. புளூ மூன் துப்பறியும் நிறுவனம், அதில மடியும் டேவிட்டும். சிபில் ஷெப்பர்டும், அப்ப பெருசாப் பேர் தெரியாத புரூஸ் வில்லிஸும். ரெண்டு பேரும் வாய்ச்சண்டை பிடிக்கிறதைப் பாக்கத்தான் சனம் ரீவிக்கு முன்னால இருந்தது. 1987 மார்ச்சில சேர்த்து வைச்சாங்க. 1989ல தொடர் முடிஞ்சுது. பாத்தீங்களா, சேர்த்தாங்க, செத்துது எண்டு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க.

அந்த ரெண்டு வருஷத்தில வேற என்ன நடந்தது எண்டு பாருங்க. ஷெப்பர்ட் வயித்தில இரட்டைப் பிள்ளையோட இருந்தா. வில்லிஸ் ‘டை ஹார்ட்’ படம் நடிக்கப் போயிட்டார் (1988ல வந்த அதே படம்தான்). அதால சேர்ந்த கையோட ரெண்டு பேரும் ஒரே காட்சியில வாறதே குறைஞ்சுது. தொடரை உருவாக்கின கிளென் கோர்டன் கரோன் விலகிட்டார். 1988ல எழுத்தாளர்கள்ட வேலைநிறுத்தம் வேற. இவ்வளவும் நடந்தா எந்தத் தொடர் நிக்கும்? பழியை மட்டும் காதலில போட்டாச்சு.

எதிர்ச் சாட்சி வேணும் எண்டா ‘போன்ஸ்’ஸைக் கூப்பிடுறன். 2005 தொடக்கம் 2017 வரை. பன்ரெண்டு சீசன், 246 எபிசோட். உண்மையான தடயவியல் மானிடவியலாளரும் நாவலாசிரியருமான கத்தி ரைக்ஸ்ட வேலையையும் கதைகளையும் வைச்சு எடுத்தது. எலும்பைப் பாத்துக் கதை சொல்லுற டொக்டர் பிரென்னன், எஃப்பிஐ அதிகாரி பூத். அவவுக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். அவருக்குக் கடவுள் நம்பிக்கை, முந்தி ஆமியில குறிபாத்துச் சுட்டவர், அந்தப் பாரம் மனசில. ரெண்டு பேரும் ஆறாவது சீசன் முடிவில, 2011ல சேர்ந்தாங்க. (பிரென்னனா நடிச்ச எமிலி டெஷனல் உண்மையாவே பிள்ளைத்தாச்சியா இருந்தா, அதைக் கதைக்குள்ளயே கொண்டுவந்திட்டாங்க.) 2013ல கலியாணம். சேர முதல் ஆறு சீசன், சேர்ந்த பிறகு ஆறு சீசன். சரிபாதி! எங்க போச்சு சாபம்?

‘போன்ஸ்’ல எனக்கு ஆகப் பிடிச்சது சேர்ந்த எபிசோட் இல்ல. சேராமப் போன எபிசோட். 2010 ஏப்ரலில வந்த நூறாவது எபிசோட். பூத்தா நடிக்கிற டேவிட் போரியானஸே இயக்கினது. அதில பூத் துணிஞ்சு கேட்டிடுறார், எங்களுக்கும் ஒரு சந்தர்ப்பம் குடுத்துப் பாப்பமே எண்டு. பிரென்னன் மாட்டன் எண்டுறா. வெறுப்பில இல்ல, பயத்தில. என்னால மாற ஏலாது, உன்னைக் காயப்படுத்திப் போடுவன் எண்டு அழுதுகொண்டு சொல்லுறா. பிறகு அவ கேக்கிற கேள்விதான் என்னை உலுக்கினது: இனியும் சேர்ந்து வேலை செய்யலாமோ? அவர் ஓம் எண்டுறார். அவர்ட கையைக் கோத்து, தோளில தலையைச் சாய்ச்சுக்கொண்டு ரெண்டு பேரும் நடந்து போறாங்க. காதலை வேணாம் எண்டவ வேலையை இழக்கப் பயப்பிடுறா. அப்ப எது காதல்? எனக்கு அண்டைக்கு நித்திரையே வரல்ல.

கனக்கப் பாத்து, கனக்க இடையில விட்டு, எனக்கெண்டு ஒரு கணக்கு வந்திருக்கு. தடை எங்கயிருந்து வருது எண்டு பாப்பன். ஆளுக்குள்ள இருந்து வந்தா இருந்து பாப்பன். ‘மென்டலிஸ்ட்’ல பற்றிக் ஜேன்ட மனைவியையும் மகளையும் ஒருத்தன் கொலை செய்திருக்கிறான். அந்தப் பாரம் இறங்காம, கூட வேலை செய்யிற லிஸ்பனிட கையை அவரால பிடிக்க ஏலாது. அதை நான் ஒத்துக்கொள்ளுறன், ஆறு சீசன் எண்டாலும் இருப்பன். ஆனா எழுதிற ஆள்ட பயத்தில இருந்து வாற தடையை ஒத்துக்கொள்ள மாட்டன். அதே ‘காசில்’ல, கலியாணமும் முடிச்ச பிறகு, எட்டாவது சீசன் தொடக்கத்தில பெக்கெற்றை வீட்டை விட்டு வெளிக்கிட வைச்சாங்க. ஏதோ ரகசிய விசாரணையாம், அவரைக் காப்பாத்தவாம். ஏழு வருஷமா ஒருத்தர் முதுகை ஒருத்தர் காத்தவங்க அப்பிடிச் செய்வாங்களோ? பழைய இழுபறியைத் திரும்பக் கொண்டுவரச் செய்த வேலை. அந்த சீசனோட தொடரும் முடிஞ்சுது. சேர்த்து வைச்சதால முடிஞ்சது எண்டு ஆரும் சொல்ல வந்தா என்னட்ட அனுப்புங்க.

சேராமலே விட்டாலும் எனக்குச் சம்மதம்தான், நேர்மையா விட்டா. 2017ல வந்த கொரியத் தொடர் ‘ஸ்ட்ரேஞ்சர்’ பாருங்க. சின்ன வயசில மூளையில செய்த சத்திரசிகிச்சையால உணர்ச்சி அத்துப்போன ஒரு அரச வழக்கறிஞர், மனசு நிறைய அன்போட ஒரு பொலிஸ் பொம்பிளை. பதினாறு எபிசோட். ஒரு முத்தம் கூட இல்ல. அவ அவரைச் சும்மா கிறுக்கி ஒரு படம் கீறிக் குடுப்பா. எனக்கு அது போதுமா இருந்தது.

இப்ப எங்கட பக்கம் வருவம்.

தமிழில இது இல்லையோ எண்டு கேட்டா, புத்தகத்தில இருந்தது! மாமாட அலுமாரியில பொக்கெற் நாவல்கள் அடுக்கியிருக்கும், மட்டை கிழிஞ்சு, பக்கம் மஞ்சளாகி. பட்டுக்கோட்டை பிரபாகரிட பரத்தும் சுசீலாவும். மூன்லைட் எண்டு துப்பறியும் நிறுவனம். சுசீலாட பனியனில எழுதியிருக்கிற வாசகத்தைப் பரத் வாசிக்கிறதும், அதுக்கு அவ குடுக்கிற பதிலும் இல்லாம நாவலே இல்ல. சுபாவிட நரேந்திரன், வைஜயந்தி, ‘ஈகிள்ஸ் ஐ’ நிறுவனம். ராஜேஷ்குமார்ட விவேக்கும் ரூபலாவும் எண்டா கலியாணம் முடிச்ச சோடி. பரத்தும் சுசீலாவும் மனசை ஒளிக்கிற ஆக்கள் இல்ல, அதால அதை மெதுவா எரியிற காதல் எண்டு சொல்ல மாட்டன். ஆனா ரெண்டு பேரும் ஒரே வேலையில சமமா நிண்டாங்க. அவ மூளையைப் பாவிச்சா, ஓடினா, அடிச்சா. எண்பதுகளில தமிழ் வாசகர்கள் இதை அள்ளி அள்ளி வாசிச்சாங்க. அப்ப எங்களுக்குப் பிடிக்காது எண்டு ஆர் சொன்னது?

திரைக்கு வரேக்க மட்டும் அந்தப் பொம்பிளை வீட்டுக்குப் போயிடுறா. 2022ல மட்டும் எத்தினை நல்ல தமிழ்க் குற்றத் தொடர் வந்தது! ‘விலங்கு’ல விமல் பொலிஸ், மனைவி பிள்ளைத்தாச்சியா வீட்டில. ‘வதந்தி’யில எஸ்.ஜே.சூர்யா வழக்குக்குள்ள மூழ்கிப் போறார், மனைவியா வாற ஸ்மிருதி வெங்கட் வீட்டில இருந்து தவிக்கிறா. ரெண்டையும் விரும்பித்தான் பாத்தன். ஆனா பக்கத்தில நிண்டு வேலை செய்யிற பொம்பிளை எங்க? ஹிந்தி ‘சிஐடி’ 1998ல இருந்து 2018 வரைக்கும் 1547 எபிசோட் போனது. அதில பொலிஸ் அதிகாரி அபிஜீத்துக்கும் டொக்டர் தாரிகாவுக்கும் கிடைச்சது ஆய்வுகூடத்தில ரெண்டு பார்வை, ஒரு சிரிப்பு. உடனே டொக்டர் சாளுங்கே வந்து ஏசுவார். அந்த ரெண்டு பார்வையை வைச்சுக்கொண்டு ரசிகர்கள் வருஷக்கணக்கா எவ்வளவு கதை எழுதினாங்க! அவ்வளவு பசி இருக்கு சனத்துக்கு.

கிட்ட வந்தது ‘சுழல்’தான். புஷ்கரும் காயத்திரியும் உருவாக்கினது, 2022 ஜூனில முதல் சீசன். எஸ்ஐ சக்கரையா கதிர், காணாமப்போன பிள்ளையிட அக்கா நந்தினியா ஐஸ்வர்யா ராஜேஷ். அவர் தொடக்கத்தில வேற பிள்ளைக்கு நிச்சயமான ஆள். ரெண்டு பேரும் தங்கச்சியைத் தேடுறாங்க, அதைத் தவிர வேற நினைப்பே இல்ல. அவசரப்படுத்தாம விட்டாங்க பாருங்க, அதுக்காகவே கும்பிடலாம். 2025 பெப்ரவரியில வந்த ரெண்டாவது சீசனில அவ சிறையில. அவர் வெளியில அவவுக்காக ஓடுறார். அவர் ஓடுற ஓட்டத்தைப் பாத்தே எனக்கு எல்லாம் விளங்கிட்டுது, சொல்லுக்குத் தேவை இருக்கல்ல.

எங்கட ரீவியில ஏன் இது அருமையா இருக்கு? பயம் எண்டுதான் நான் நினைக்கிறன். ஒரு ஆணும் பொண்ணும் ராத்திரி வரைக்கும் சேர்ந்து வேலை செய்தா அதுக்கு உடனே ஒரு பேர் வைக்க வேணும் எங்களுக்கு. அண்ணன் தங்கச்சியோ, புருசன் பெண்சாதியோ. பேர் இல்லாம நாலு வருஷம் நிக்க விட மாட்டம்.

ஆனா ஊரில உண்மையா நடக்கிறது வேற! என்ட பெரியம்மாவும் பெரியப்பாவும் மூதூரில ஒரே பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவங்க. ரெண்டு பேரும் திருகோணமலைப் பக்கம். அப்ப பாலமும் இல்ல ஒண்டும் இல்ல, விடிய துறைமுகத்தில லோஞ்ச் ஏறி, கொட்டியாரக்குடாவைக் கடந்து போக வேணும். மாரியில அலை எழும்பினா லோஞ்ச் ஒரு பக்கம் சரியும், உப்புத்தண்ணி முகத்தில அடிக்கும். பெரியப்பாவுக்குக் கடல் ஒத்துவராது, சத்தி வரும். பெரியம்மா ஒண்டும் கேக்காம ஒரு தேசிக்காயைக் கீறி, கையை நீட்டாம, ரெண்டு பேருக்கும் நடுவில இருந்த புத்தகக் கட்டுக்கு மேல வைப்பாவாம். அவர் எடுத்து மணந்துகொண்டு வருவாராம். கதை எல்லாம் வரவுப் பதிவேடு, சோதனைத் தாள், அதிபர்ட குணம் இதுகள்தான். எத்தினையோ மாரி அப்பிடியே போனதாம். கடைசியில பெரியப்பா கேட்டது, "உங்களுக்கு மாற்றம் வந்தா நான் என்னெண்டு போய் வாறது?"

அதுதான் அவர் காதலைச் சொன்னது! பெரியம்மாவுக்கு இப்பவும் அதைச் சொல்லேக்க முகம் சிவக்கும்.

இப்பிடி ஒரு ஊரில, வெளியில இருந்து வாற ஆக்களுக்கு நாங்க காட்டுறது எந்தக் காதலை எண்டு பாருங்க. கோணேசர் மலையில ‘லவர்ஸ் லீப்’. ஒல்லாந்தர் காலத்தில, 1687ல, பிரான்சினா வான் ரீட் எண்ட பிள்ளை, காதலன் கப்பலேறிப் போறதைப் பாத்து அந்தப் பாறையில இருந்து கடலுக்குப் பாய்ஞ்சாவாம். எல்லாரும் எட்டிப் பாத்துப் படமெடுத்திட்டுப் போறாங்க. அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகும் இருந்து கலியாணம் முடிச்சா எண்டு பழைய ஒல்லாந்துப் பதிவுகளை வைச்சு எழுதியிருக்கிறாங்க. அந்தக் கதையை ஒருத்தரும் கேக்கிறதில்ல. அவ மலையால இறங்கி, அழுது முடிச்சு, வேற ஒராளை மெதுமெதுவா நம்பத் தொடங்கினாவே, அதில எத்தினை சீசன் இருக்கு!

எனக்கு ஒரு ஆசை. எங்கட துறைமுகத்தில ஒரு பொலிஸ் தொடர் எடுக்க வேணும். தமிழும் சிங்களமும் கலந்து. மன்னாரில இருந்து மாற்றலாகி வந்த ஒரு தமிழ் எஸ்ஐ, பொம்பிளை. காலியில இருந்து வந்த ஒரு சிங்கள சார்ஜன்ட். படகு இஞ்சின் களவு, கடலில மிதந்து வந்த ஒரு உடம்பு, எண்ணெய்க் குதப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு எரிஞ்ச வான். பின்னால பிரீமா மா ஆலையிட வெளிச்சம், வீதியில மான் கூட்டம் நிண்டு ஜீப்பை மறிக்கும். முதல் சீசன் முழுக்கச் சண்டைதான். சனம் தமிழில சொல்லுற வாக்குமூலத்தை அவர் சிங்களத்தில எழுதி, விளங்காத கடதாசியில கையெழுத்து வாங்குறார். அவ அதைக் கிழிச்சுப் போட்டுத் திரும்ப எழுதுறா. அவருக்கு அவமானம். அவவுக்குக் கோவம். ஊரில எங்களுக்குத் தெரிஞ்ச, கன காலமா ஆறாத கோவம்.

ரெண்டாவது சீசனில அவர் ஒருத்தருக்கும் சொல்லாமத் தமிழ் எழுத்துப் பழகிறார். மூண்டாவதில, கிண்ணியாவில பிள்ளையைக் கடலுக்குக் குடுத்த ஒரு தாயிட வாக்குமூலம். எஸ்ஐ வரப் பிந்திட்டுது. அவரே இருந்து கேட்டு, தமிழில, தன்ட கையால எழுதி வைச்சிருக்கிறார். ல, ள, ழ எல்லாம் மாறிக் கிடக்கு. எழுதி முடிச்சு அந்தத் தாய்க்கு வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எஸ்ஐ வந்து அந்தக் கடதாசியை எடுத்து வாசிக்கிறா. சிவப்புப் பேனை கையில இருக்கு. ஒரு எழுத்தையும் திருத்தல்ல, கோப்பில போடுறா.

இதுதான் என்ட முத்தக் காட்சி. இதை வெட்டிப் பத்து நிமிஷ வீடியோவில போட்டா ஆருக்கும் ஒண்டும் விளங்காது.

ஆராவது எடுக்கிறதெண்டா ஒரே ஒரு நிபந்தனை. ஆறாவது சீசனுக்கு முதல் சேர்க்கக் கூடாது, சேர்த்த பிறகு பயத்தில பிரிக்கவும் கூடாது. கலியாணம் எந்த மண்டபத்தில, மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் எந்த ரெயினில வருவாங்க, அம்மா எந்தச் சாறி உடுப்பா எண்டெல்லாம் நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். சித்தியிட மகள் கேட்டாலும் இப்ப சொல்ல மாட்டன்.